ஒன்பதுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவே இரண்டு தலைமுடி

வாங்க வருகிறவர்களைவிடப் பேச வருகிறவர்கள் அதிகமாக இருக்கும் கடை எது என்று கேட்டால், துப்பாக்கிக் கடை என்று யோசிக்காமல் சொல்வேன். லைசென்ஸ் கைக்கு வருவதற்குள் ஒரு மனிதருக்கு வயதாகிவிடுகிறது. வாங்கிய துப்பாக்கியோ அவர் ஆயுளைத் தாண்டியும் இருக்கிறது. ஆகவே ஒருவர் எங்களிடம் வாங்குவது வாழ்நாளில் ஒரு முறை. பேச வருவது வாரத்துக்கு மூன்று முறை. நீங்கள் மருந்துக் கடையோ ஜவுளிக் கடையோ, எந்தக் கவுன்டருக்கு உள்பக்கம் நிற்பவராக இருந்தாலும் இந்தத் துயரம் புரியும் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

பேச்சும் ஒரே விஷயத்தைப் பற்றியதுதான்: குழலின் அளவு. ராணுவத்துக்காரர் இடுப்பில் இருக்கும் பிஸ்டல் ஒன்பது மில்லிமீட்டர். போலீஸ்காரர்கள் வெகுகாலம் சுமந்த ரிவால்வர் முப்பத்தெட்டு. அதாவது ஓர் அங்குலத்தை நூறு பங்காக்கினால் அதில் முப்பத்தெட்டுப் பங்கு. இந்த இரண்டும் நாற்பத்தைந்தும் பொதுஜனத்துக்குக் கிடையாது. நம்மைப் போன்றவர்கள் லைசென்ஸ் காட்டி வாங்கக்கூடிய ரிவால்வர் முப்பத்திரண்டு. கிடைக்காததைப் பற்றித்தான் மனிதர்கள் அதிகம் பேசுவார்கள். நடுவில் ஒரு வருஷம் இந்தக் கடையே எனக்குக் கிடைக்காமல் போக இருந்தது. அது போகாமல் நின்ற கதையும் இந்தப் பேச்சுகளுக்குள்தான் இருக்கிறது.

காதாக வந்தவள்

நான் கடைக்கு வந்தபோது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. தமிழ் எம்.ஏ. படித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, ஓய்வு பெற்ற மறு வாரம். என் வீட்டுக்காரருக்கு அப்போது இரண்டு காதும் ஏறக்குறைய போய்விட்டிருந்தன. பழுது பார்த்த துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்காமல் திருப்பிக் கொடுக்க மாட்டார். கடைக்குப் பின்னால் மணல் நிரப்பிய இரும்புப் பீப்பாய் ஒன்று உண்டு. முப்பது வருஷம் அதற்குள் சுட்டுச் சுட்டுக் காதைத் தொலைத்தார். வாடிக்கையாளர்கள் தங்கள் குடும்பத் தகராறை எல்லாம் அவரிடம் கத்திச் சொல்ல, அது தெருவுக்கே கேட்டது. நான் காதாக இருக்க வந்தேன்.

பீப்பாய்க்குப் பக்கத்திலும் நானே நின்றேன். முப்பத்திரண்டு சுட்டால் காய்ந்த மூங்கில் ஒடிகிற சத்தம் வரும். முப்பது வருஷம் யாப்பு சொல்லிக்கொடுத்தவளுக்கு ஓர் அடியில் ஒரு சீர் குறைந்தால் உறுத்தும் அல்லவா, அப்படி ஒருநாள் மூன்றாவது தோட்டாவில் உறுத்தியது. சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். நான் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். அவர் விரல் அடுத்த தோட்டாவுக்கு விசையில் இருந்தது. தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டுக் குழலுக்குள் கம்பியை விட்டார். பாதியில் முட்டி நின்றது. மருந்து கெட்டுப்போன தோட்டா, குண்டை வெளியே தள்ளாமல் பாதி வழியில் விட்டிருக்கிறது. அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும், விரல்களும் போயிருக்கும். கம்பியை உருவி எடுத்துக் கீழே வைத்தார். பிறகு காது கேளாதவர்களின் உரத்த குரலில், தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "தெய்வானை, இனி நீ பக்கத்துல நின்னு கேக்காம நான் ஒரு குண்டும் சுட மாட்டேன்."

நூல் நம்பர்

கருமத்தம்பட்டியிலிருந்து ஒரு விசைத்தறி முதலாளி வந்தார். கையில் புது லைசென்ஸ். தமக்குத் தெரிந்த ஓர் அதிகாரியின் மெய்க்காவலர் ஒன்பது வைத்திருக்கிறார், தமக்கும் அதுவே வேண்டும் என்றார். அது அரசாங்கத்துக்கு மட்டும் என்று சொன்னேன். போகட்டும், எனக்கு முப்பத்திரண்டு வேண்டாம், அதைவிடச் சின்ன நம்பராகப் பார்த்துக் கொடுங்கள் என்றார். நம்பர் சின்னதானால் துப்பாக்கியும் சின்னது என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். முப்பது வருஷமாகத் தறி ஓட்டுகிறவர். நாற்பதாம் நம்பர் நூல் மெல்லியது, இருபதாம் நம்பர் தடிமன், பத்தாம் நம்பர் போர்வைக்கு ஆகும். ஆகவே ஒன்பதுதான் எல்லாவற்றிலும் தடித்த குண்டு, முப்பத்தெட்டு மெல்லியது, நாற்பத்தைந்து மல்மல் துணி மாதிரி. நூலில் நம்பர் ஏறினால் மெலியும் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும் என்றார்.

சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் பாதி சரி. அவர் அப்பாவின் தோட்டத்துத் துப்பாக்கி பன்னிரண்டாம் நம்பர், சித்தப்பாவுடையது இருபது. பன்னிரண்டுதான் பெரிது, அவரே தூக்கிப் பார்த்திருக்கிறார். ஒரு பவுண்டு நூலில் எத்தனை சிட்டம் என்று எண்ணுவது போலவே, ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டை என்று எண்ணித்தான் அந்த நீளத் துப்பாக்கிகளுக்கு நம்பர் வைத்தார்கள். கைத்துப்பாக்கிக்கு அப்படி இல்லை. கடைச் சுவரில் ஒரு மரப்பலகை மாட்டியிருக்கிறது. என் மாமனார் காலத்தில் தோட்டாக் கம்பெனி ஒன்று கொடுத்தது. இருபத்திரண்டு தொடங்கி நாற்பத்தைந்து வரை வரிசையாகத் தோட்டாக்களைப் பதித்திருக்கும். உள்ளே மருந்து கிடையாது, பக்கவாட்டில் ஓட்டை போட்ட வெறும் மாதிரிகள். அதைக் கழற்றி அவர் முன்னால் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டார். கண்ணால் பார்த்ததை மறுக்கவில்லை. கடைசியில் முப்பத்திரண்டு வாங்கிக்கொண்டு, வாசல்வரை போய்த் திரும்பி நின்றார்: "இருந்தாலும் இது சீலைக்குத்தானுங்க ஆகும் அம்மணி, சண்டைக்கு ஆகாதுங்க."

பாயின்ட் ஒண்ணு அஞ்சு

காதர் பாய் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பம்ப் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுப்பவர். அத்தா விட்டுப்போன பழைய முப்பத்திரண்டு அவரிடம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தரம் பழைய தோட்டாவுக்குப் புதுத் தோட்டா மாற்றிப் போவார். கோயமுத்தூரில் பட்டறைக்காரர் சட்டைப்பையில் பேனா இல்லாமல் இருக்கும், வெர்னியர் அளவுகோல் இல்லாமல் இருக்காது. ஒரு தரம் வாங்கிய தோட்டாவைக் கடையிலேயே வெர்னியர் வைத்து அளந்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி அளந்தார். பெட்டியிலிருந்த பன்னிரண்டையும் அளந்தார். முப்பத்திரண்டு என்றால் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், இது எட்டே இல்லை என்றார்.

பெயர் வைத்த காலத்தில் எல்லாவற்றையும் சரியாக அளந்து வைக்கவில்லை, சிலவற்றுக்குப் பித்தளைக் கூட்டின் பருமனைப் பார்த்தே பெயர் வைத்தார்கள், இது உலகம் முழுக்க இப்படித்தான் என்றேன். உலகம் முழுக்க என்றதும் அவருக்கு இன்னும் கோபம் வந்தது. ராணுவம், போலீஸ், கம்பெனி எல்லோருமாகச் சேர்ந்து இத்தனை வருஷம் இதைக் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கிறார்களே என்றார். தோட்டாக்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே வருத்தமாகச் சொன்னார்: "பாயின்ட் ஒண்ணு அஞ்சு எம்எம் குறையுதுங்கம்மா. இத்தனை கம்மியா நான் ஒரு புஷ் கடைஞ்சு அனுப்புனா, பம்ப்காரன் அதை என்ற மூஞ்சிலயே எறிவானுங்க."

ஒன்பதும் முப்பத்தெட்டும்

செவ்வாய்க்கிழமைகளில் காரமடையிலிருந்து சுபேதார் ரங்கசாமி பஸ் பிடித்து வருவார். ராணுவத்தில் இருபத்தெட்டு வருஷம். அவர் வந்த கால் மணிக்குள் இன்ஸ்பெக்டர் மயில்சாமி வருவார். போலீஸில் முப்பத்திரண்டு வருஷம். இருவரும் ஓய்வு பெற்றவர்கள், இருவரிடமும் வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு நாற்காலி, இரண்டு டீ, ஒரே சண்டை. சுபேதாருக்கு ஒன்பது. பதின்மூன்று தோட்டா ஒரே அடுக்கில், தீர்ந்தால் கண் இமைப்பதற்குள் அடுத்த அடுக்கு. இன்ஸ்பெக்டருக்கு முப்பத்தெட்டு. ஆறுதான், ஆனால் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் இன்னொரு தரம் விசையை அழுத்தினால் அடுத்தது வந்து நிற்கும். உங்கள் பிஸ்டல் சிக்கிக்கொண்டால் எதிராளியிடம் ஐந்து நிமிஷம் தவணை கேட்க வேண்டும் என்பார். ஒன்பதின் குண்டு ஆளைத் துளைத்துக்கொண்டு போகும் என்று சுபேதார் பெருமையாகச் சொல்வார். அதுதானே கோளாறு, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் திருடனைத் துளைத்துக்கொண்டு போய்ப் பின்னால் நிற்கிற பால் பூத்காரனையும் அல்லவா அது தேடிப் போகும் என்பார் இன்ஸ்பெக்டர்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் நான் இருவரையும் கேட்டேன், இத்தனை பேசுகிறீர்களே, சர்வீஸில் இடுப்பிலிருந்து எடுத்து எத்தனை தரம் சுட்டீர்கள் என்று. சுபேதார் தம் காலத்தில் எல்லாவற்றையும் ரைபிளே பார்த்துக்கொண்டது, பிஸ்டலை அணிவகுப்புக்கு மட்டும் துடைத்து வைத்தோம் என்று ஒப்புக்கொண்டார். இன்ஸ்பெக்டர் டீயைக் கீழே வைத்தார். அவர் குரலில் எப்போதுமில்லாத ஒரு நேர்மை வந்தது: "முப்பத்தி ரெண்டு வருசம் சொமந்தேனுங்க அம்மணி. சுட்டது ஒரே ஒரு வெறிநாயை. அதும் தப்பிச்சுப் போச்சுங்க."

நாற்பத்தைந்து

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர், கம்ப்யூட்டர் வேலைக்காரர், தம் மாமனாரோடு கடைக்கு வந்து பலகையிலிருந்த நாற்பத்தைந்தைத் தடவிக் கொடுத்தார். அங்கே இதுதான் வைத்திருப்பதாகவும், ஒன்பது பட்டவன் ஓடுவான், நாற்பத்தைந்து பட்டவன் அந்த இடத்திலேயே நிற்பான் என்றும், நமது ராணுவம் இன்னும் இதற்கு மாறாதது வருத்தம் என்றும் சொன்னார். அன்று செவ்வாய்க்கிழமை என்பது அவருக்குத் தெரியாது. சுபேதார் மரியாதையாக முழுவதையும் கேட்டார், பிறகு எழுந்து நின்று பதில் சொன்னார்: "அப்படி நிக்கற ஆளா எங்களுக்குக் கெடைச்சதில்லீங்க தம்பி, எங்க காலத்துல எல்லாரும் ஓடிக்கிட்டேதான் இருந்தாங்க, நாங்களும் சேத்துத்தான்."

இரண்டு தலைமுடி

காதர் பாய் அடுத்து வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு பெரியவர்களும் உச்சத்தில் இருந்தார்கள். சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர், பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பெரியவர்கள் பேச்சை நிறுத்தவில்லை. அவர் ஒன்பதை அளந்தார். ஒன்பது மில்லிமீட்டருக்கு மேலே ஒரு துளி. முப்பத்தெட்டை அளந்தார். பெயருக்குத் தகுந்தபடி பார்த்தால் ஒன்பதரைக்கு மேல் வர வேண்டும். வந்தது ஒன்பதும், கூடவே அந்தப் பழைய பாயின்ட் ஒண்ணு அஞ்சும். தம் தலையிலிருந்து இரண்டு முடியைப் பிடுங்கி, அதையும் அளந்து, இவ்வளவுதான் நீங்கள் சண்டை போடும் வித்தியாசம் என்று கவுன்டர் மேல் வைத்தார்.

 இன்ஸ்பெக்டர் அந்த முடியைக் குனிந்து பார்த்தார். பிறகு எதில்தான் வித்தியாசம் என்று என்னைக் கேட்டார். என்னை ஒருவர் கேள்வியாகக் கேட்டது அதுவே முதல் தடவை. அதுவரை என்னிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். குண்டின் பருமன் ஒன்றுதான், பின்னால் இருந்து தள்ளும் மருந்தின் அழுத்தத்தில் வித்தியாசம் என்றேன். ஒன்பதில் குண்டு லேசு, வேகம் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. முப்பத்தெட்டில் குண்டு கனம், போவது நிதானம். ஒன்று ஓடுகிறது, இன்னொன்று நடக்கிறது. போலீஸிலிருந்து பழுதுக்கு வந்தவற்றைச் சுட்டுப் பார்த்தபோது கேட்டிருக்கிறேன், சத்தத்திலேயே தெரியும், ஒன்பது சாட்டை சொடுக்குகிற மாதிரி, முப்பத்தெட்டு கட்டைக் கதவை அறைந்து சாத்துகிற மாதிரி. என் வீட்டுக்காரர் காது கேட்காமலே என் வாயைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். சுபேதார் மெதுவாகச் சொன்னார்: "அப்ப இத்தன வருசமா ஒரே ஆளைப் பத்தித்தான் சண்டை போட்டிருக்கறமுங்க. சட்டைதான் வேற போட்டிருந்திருக்கான்."

வெறும் அடுக்கு

போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் என் வீட்டுக்காரர் காலமானார். துப்பாக்கிக் கடை லைசென்ஸ் ஆளுக்குக் கொடுப்பது, ஆளோடு போய்விடும். இருந்த துப்பாக்கிகளும் தோட்டாக்களும் பட்டியல் எழுதி இன்னொரு கடையின் பாதுகாப்புக்குப் போயின. பலகை ஆயுதமில்லை என்று அதை மட்டும் சுவரில் விட்டுவிட்டார்கள். என் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனு போட்டேன். கிடைத்தால் கடை, கிடைக்காவிட்டால் ஷட்டர். தினமும் பத்து மணிக்குத் திறந்து, ஒன்றுமில்லாத அடுக்குகளைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். செவ்வாய்க்கிழமைகளில் பெரியவர்கள் வந்தார்கள். மெதுவாகப் பேசினார்கள். அவர்கள் மெதுவாகப் பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கொழுந்தனாருக்கு மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி. நல்லவர்தான். நான் சம்மதம் எழுதிக் கொடுத்தால் தாமே லைசென்ஸ் கேட்டுக் கடையை எடுத்துக்கொள்வதாகவும், நான் வீட்டில் நிம்மதியாகப் புத்தகம் படிக்கலாம் என்றும் சொல்லத் தொடங்கி, மாதத்துக்கு ஒரு தரம் சொன்னார். அவருக்கு இருபத்திரண்டுக்கும் நாற்பத்தைந்துக்கும் வித்தியாசம் தெரியாது. பலகையைக் காட்டி இது என்ன, இது என்ன என்று என்னையே கேட்பார். கேட்டுவிட்டு, அண்ணியை நங்கையா என்று அழைக்கும் எங்கள் பக்கத்து வழக்கப்படி, அதே மூச்சில் சொல்வார்: "வெசனப்படாதீங்க நங்கையா. ஆனா துப்பாக்கி வாங்க வாரவன் கடைல பொம்பளையப் பாத்தா மொளகாப்பொடிதானுங்க கேப்பான்."

ஒரு கட்டம்

மனு போலீஸ் விசாரணைக்குப் போயிற்று. கடை நடத்த எனக்குத் தகுதி உண்டா என்று ஒரு டிஎஸ்பி அம்மா அறிக்கை எழுத வேண்டும். அவர் அலுவலகத்தில் ஒரு வயதான எழுத்தர் படிவத்தை நிரப்பினார். வயது அறுபத்தேழு என்றேன், எழுதினார். ஆயுதங்களைப் பற்றிய அறிவு என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் படிப்பைக் கேட்டார். எம்.ஏ. தமிழ் என்றேன். பேனா நின்றது. அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு, கிண்டலில்லாமல், உண்மையான அக்கறையோடு கேட்டார்: "கடைல என்னங்கம்மா விக்கப்போறீங்க, கவிதையா?"

பாதிச் சத்தம்

டிஎஸ்பி அம்மா என்னைப் பார்க்க நேரம் ஒதுக்கியது ஒரு காலை வேளையில், சுடும் பயிற்சித் தளத்தில். அவருடைய ஆட்களுக்கு அன்று வருஷாந்தரப் பயிற்சி. தகரக் கொட்டகையில் ஒரு மேஜை. சற்றுத் தள்ளி ஐந்து போலீஸ்காரர்கள் வரிசையாக நின்று மண்மேட்டைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல்கள் வரப்போகின்றனவாம். அதற்கு முன் பழைய முப்பத்தெட்டுகளையும் அவற்றோடு கிடந்த பழைய தோட்டாக்களையும் சுட்டுத் தீர்க்கிறார்கள் என்றார் டிஎஸ்பி அம்மா. என் கோப்பைத் திறந்தார். அந்தக் கட்டம் வெறுமையாக இருப்பதைப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும், கறாரான முகம். பொதுஜனத்துக்கு எந்தெந்த அளவு தடை என்று கேட்டார். நான் சொல்ல ஆரம்பித்தேன். பின்னால் முப்பத்தெட்டின் கட்டைக் கதவுகள் அறைந்து சாத்திக்கொண்டே இருந்தன, ஐந்து பேரும் அவரவர் போக்கில், முன்னும் பின்னுமாக.

ஒன்பது, முப்பத்தெட்டு என்று சொல்லி நாற்பத்தைந்துக்கு வந்தபோது வரிசையில் ஒரு சீர் குறைந்தது. சோடா பாட்டில். இரண்டு பக்கமும் முழுச் சத்தங்கள் அமுக்கியதில் அங்கே யாருக்கும் அது எட்டவில்லை. நான் எழுந்ததும் நாற்காலி விழுந்ததும் எனக்கு நினைவில்லை. நிறுத்துங்கள் என்று நான் போட்ட சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. முப்பது வருஷம் வகுப்பை அடக்கிய தொண்டை அது. சுடும் தளத்தில் யார் நிறுத்தச் சொன்னாலும் எல்லோரும் நிறுத்தியாக வேண்டும், அது விதி. ஐந்து கைகளும் அப்படியே நின்றன.

நான்காவது ஆள் என்று கையைக் காட்டினேன். சின்ன வயதுப் பெண் போலீஸ். அடுத்த தோட்டாவுக்கு விரல் ஏற்கெனவே பாதி அழுத்தியிருந்தது. ஆயுதங்களைப் பராமரிக்கும் ஏட்டு வந்து ரிவால்வரை வாங்கி, தோட்டாக்களைக் கொட்டிவிட்டு, குழலுக்குள் பித்தளைக் கம்பியை விட்டார். கம்பி பாதியில் முட்டி நின்றது. அவர் எல்லோருக்கும் தெரியும்படி அதைத் தூக்கிக் காட்டினார்.  அந்தப் பெண் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு என்னிடம் வந்து, ஏதோ தவறு செய்துவிட்டவள் மாதிரி சொன்னாள்: "சத்தம் கம்மியா வந்ததும், என்ற காதுதான் அடைச்சுப்போச்சுன்னு நெனச்சுட்டனுங்கம்மா."

கட்டத்துக்குள் எழுதியது

டிஎஸ்பி அம்மா நாற்காலியைத் தாமே எடுத்து நிமிர்த்தி என்னை உட்கார வைத்தார்.  இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். மணல் பீப்பாயையும் என் வீட்டுக்காரரையும் பற்றிச் சொன்னேன். அவர் இப்போது இல்லை என்பதையும் சொன்னேன். மீதிக் கேள்விகளை அவர் கேட்கவே இல்லை. பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் எழுத ஆரம்பித்தார்; கட்டம் முடிந்து ஓரத்தில் ஏறி, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு முதன்முறையாகச் சிரித்தார்: "இந்தப் படிவம் போட்டவங்க உங்களை நெனச்சுப் போடலீங்கம்மா, கட்டத்தை ரொம்பச் சின்னதா வெச்சுட்டாங்க."

வயது

செய்தி எனக்கு முன்னாலேயே கடைக்கு வந்துவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை சுபேதார் வழக்கத்துக்கு முந்தைய பஸ்ஸில் வந்து, இன்ஸ்பெக்டருக்காக வாசலிலேயே காத்திருந்தார். முப்பத்தெட்டு ஒருநாளும் கைவிடாது என்றீர்களே, ஒரு தோட்டா போனால் அடுத்தது வந்து நிற்கும் என்றீர்களே, அடுத்தது வந்து நின்றிருந்தால் அந்தப் பிள்ளையின் கை என்ன ஆகியிருக்கும் என்று, வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்ததை ஒரே மூச்சில் கொட்டினார். ஒன்பது என்றால் பாதிச் சத்தத்துக்கு அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றாது, அப்படியே நின்றுவிடும், அதுவே ஓர் எச்சரிக்கை என்றார். அதில் நியாயம் இருந்தது, நானும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் சண்டைக்கு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பலகையில் முப்பத்தெட்டு இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "துப்பாக்கி மேல தப்பில்லீங்க சுபேதாரே. தோட்டாவுக்கு வயசாயிப்போச்சு. உள்ள இருக்கற மருந்து நம்மளாட்டவே ஆயிப்போச்சுங்க."

புது போர்டு

இந்த வருஷம் தை மாதத்தில் லைசென்ஸ் வந்தது, என் பெயரில். அடுக்குகள் மறுபடி நிரம்பின. அதை முதலில் கொழுந்தனாருக்குத்தான் போன் செய்து சொன்னேன்.  நாளைக்கு வாரேனுங்க நங்கையா என்றார். வந்தார். வரும்போது மண்டி வேனில் ஏணியும் ஏற்றிக்கொண்டு வந்தார். புது போர்டை அவரே தூக்கி, அவரே ஏணியில் ஏறினார். மேலே என் வீட்டுக்காரர் பெயரில் கடை, கீழே உரிமையாளர் தெய்வானை, எம்.ஏ. அந்த எம்.ஏ. வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். கொழுந்தனார்தான் இருக்கட்டும் என்று எழுதச் சொல்லியிருக்கிறார்.

கீழே நின்று இன்ஸ்பெக்டர் வலப்பக்கம் தூக்கச் சொன்னார், சுபேதார் இடப்பக்கம் தூக்கச் சொன்னார். ஏணியில் இருந்தவர் இருவருக்கும் கீழ்ப்படிந்து தவித்தார். நான் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். எழுத்துகள் வெயிலில் மின்னின. கேட்க என் வீட்டுக்காரர் இல்லாவிட்டாலும் உரக்க ஒரு தரம் வாசித்தேன். ஆணி அடித்து முடிந்து கொழுந்தனார் இறங்கி வேர்வையைத் துடைக்கும்போது, ஸ்கூட்டரில் வந்திறங்கிய காதர் பாய் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே தலையைச் சாய்த்துப் போர்டைப் பார்த்தார்: "மாஷா அல்லா, நல்லா இருக்குதுங்கம்மா. ஆனா இந்தப் பக்கத்து ஓரம் பாயின்ட் ஒண்ணு அஞ்சு எறங்கியிருக்குதுங்க."

இத்தனை வருஷத்தில் எங்கள் கடைத் துப்பாக்கி எதுவும் யாரையும் சுட்டதாகத் தகவல் இல்லை; ஒன்பதா முப்பத்தெட்டா என்ற பேச்சில் தினமும் அடிபட்டு, சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொண்டு ஷட்டரை இழுக்கிறவள் நான் ஒருத்திதான், அதுவும் இப்போது என் சொந்தப் பெயரில்.